இலண்டன் ஆடவர் ஆடை வாரம்

இலண்டன் ஆடவர் ஆடை வாரம் என்பது பிரித்தானிய ஆடை வடிவமைப்பாளர்கள் ஆண்களுக்காக உருவாக்கும் புதிய ஆடைத் தொகுப்புகளைக் காட்சிப்படுத்துவதற்காக இலண்டன் நகரில் ஆண்டுக்கு இருமுறை நடத்தப்பட்ட வணிக நிகழ்வு ஆகும். பிரித்தானிய ஃபேஷன் மன்றம் இதனை 2012 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கியது. ஜனவரியில் அவ்வாண்டின் இலையுதிர், குளிர்காலத் தொகுப்புகளும், ஜூனில் அடுத்த ஆண்டின் இளவேனில், கோடைகாலத் தொகுப்புகளும் காட்டப்பட்டன. 2020 ஜனவரி வரை தனி நிகழ்வாக நடைபெற்ற இது, அதன் பின்னர் இருபாலருக்கும் பொதுவான இலண்டன் ஃபேஷன் வாரத்துடன் இணைக்கப்பட்டது. 2025 ஜூனில் இலண்டனில் இந்நிகழ்வு நடத்தப்படவில்லை.

எட்டு ஆண்டுகளே தனித்து நின்ற நிகழ்வு எனினும், இன்று உலகின் பெரிய ஆடை நிறுவனங்களை வழிநடத்தும் பலர் இதன் மேடைகளில்தான் முதன்முதலாக அறியப்பட்டனர். அவர்களை உருவாக்கிய நகரம் அவர்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இயலாமல் போனதே இந்நிகழ்வின் வரலாறு எனலாம்.

பெயர்

தொடக்கத்தில் இந்நிகழ்வு 'இலண்டன் கலெக்சன்ஸ்: மென்' என்று அழைக்கப்பட்டது. அதன் சுருக்கமான எல்சிஎம் என்பதே பத்திரிகைகளில் பெருவழக்காக இருந்தது. 2017 ஜனவரி முதல் 'இலண்டன் ஃபேஷன் வீக் மென்ஸ்' என்று பெயர் மாற்றப்பட்டது. மகளிர் ஆடைகளுக்கு ஏற்கெனவே நன்கு அறிமுகமாகியிருந்த இலண்டன் ஃபேஷன் வாரத்தின் பெயரோடு இதனையும் இணைத்துக் காட்டுவதே மாற்றத்தின் நோக்கம்.

பழைய பெயரில் உள்ள 'கலெக்சன்' என்னும் சொல் ஆடைத் துறையில் தனிப்பொருள் கொண்டது. ஒரு வடிவமைப்பாளர் ஒரு பருவத்துக்கென ஒரே கருத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கும் ஆடைகளின் முழுத் தொகுதியை அது குறிக்கும். மேடையில் காட்டப்படும்போது ஒரு தொகுப்பில் பெரும்பாலும் 20 முதல் 40 வரையிலான முழு உடைகள் இடம்பெறும். இக்கட்டுரையில் 'தொகுப்பு' என்னும் சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

பின்னணி

ஆண்களின் உடை வரலாற்றில் இலண்டனுக்குத் தனி இடம் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த போ பிரம்மல் (1778-1840), பட்டும் சரிகையும் பொடி தூவிய தலைமுடியும் விடுத்து, நன்கு வெட்டித் தைத்த கருநிறக் கோட்டும் தூய வெள்ளைச் சட்டையுமே கனவானுக்கு அழகு என்னும் வழக்கத்தைப் பரப்பினார். இன்று உலகெங்கும் அலுவலகங்களில் அணியப்படும் கோட்டு சூட்டின் வேர் இம்மாற்றத்தில் உள்ளது. மேஃபேர் பகுதியில் உள்ள சாவில் ரோ என்னும் தெரு, அளவெடுத்துத் தைக்கும் தையல் நிறுவனங்களுக்குப் பெயர் பெற்றது. 1950களின் இறுதியிலிருந்து கார்னபி தெருவில் ஜான் ஸ்டீபன் நடத்திய கடைகள், அதற்கு நேர்மாறாக, குறைந்த விலையில் பளிச்சிடும் உடைகளை உழைக்கும் வர்க்க இளைஞர்களுக்கு விற்றன. 1961 இல் ஹார்டி ஏமீஸ், லீட்சு நகரின் ஹெப்வொர்த் நிறுவனத்துக்காக ஆண்களின் ஆயத்த ஆடைகளை மேடையில் அணிவகுக்கச் செய்தார். ஆண்களுக்கான ஆயத்த ஆடை அணிவகுப்புகளில் இதுவே முதலாவது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

இத்தகைய மரபு இருந்தும், 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானிய ஆடவர் ஆடைகளைக் காண விரும்பிய ஒருவர் பாரிசுக்கோ மிலானுக்கோ செல்ல வேண்டியிருந்தது. நாட்டிங்ஹாமில் 1970 இல் சிறு கடை திறந்த பால் ஸ்மித் 1976 முதல் தம் தொகுப்புகளைப் பாரிசில் காட்டினார். கானா வழித்தோன்றலான இலண்டன் தையல் கலைஞர் ஓஸ்வால்ட் போட்டெங் 1994 இல் பாரிசில் அணிவகுப்பு நடத்தினார். பர்பெரி, அலெக்சாண்டர் மெக்குவீன், விவியன் வெஸ்ட்வுட் ஆகிய நிறுவனங்களின் ஆடவர் தொகுப்புகள் மிலானுக்குச் சென்றன. 1984 இல் தொடங்கிய இலண்டன் ஃபேஷன் வாரம் பெரிதும் மகளிர் ஆடைகளுக்கே உரியதாக இருந்தது. ஆடவர் ஆடைகளை வாங்கும் வணிகர்கள் அது நடைபெறும் பிப்ரவரி, செப்டம்பர் மாதங்களுக்கு முன்பே தம் கொள்முதலை முடித்துவிடுவர் என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

தொடக்கம்

புதிய வடிவமைப்பாளர்களுக்கு உதவும் ஃபேஷன் ஈஸ்ட் என்னும் அமைப்பை 2000 ஆம் ஆண்டில் லூலூ கென்னடி கிழக்கு இலண்டனில் நிறுவினார். இவ்வமைப்பும் டாப்மேன் என்னும் கடைத்தொடர் நிறுவனமும் இணைந்து 2005 இல் 'மேன்' என்ற திட்டத்தைத் தொடங்கின. ஒவ்வொரு பருவத்திலும் தெரிவு செய்யப்பட்ட சில புதியவர்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்துத் தம் தொகுப்புகளைக் காட்டினர். அரங்கம், விளக்கு, விளம்பர அழகர்கள் ஆகியவற்றின் செலவைத் திட்டமே ஏற்றது. கல்லூரியை விட்டு வெளிவந்த ஒருவருக்கு இது எத்தகைய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

இலண்டன் ஃபேஷன் வாரத்தின் 25 ஆம் ஆண்டான 2009 இல், அதன் இறுதி நாள் ஆடவர் ஆடைகளுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு நாள் மூன்று ஆண்டுகளில் தனி நிகழ்வாக வளர்ந்தது. முதல் எல்சிஎம் 2012 ஜூன் 15 முதல் 17 வரை நடைபெற்றது. ஜிகியூ இதழின் பிரித்தானியப் பதிப்பு ஆசிரியராக இருந்த டிலன் ஜோன்ஸ் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது வேல்சு இளவரசராக இருந்த சார்லசு, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் வரவேற்பு விருந்து அளித்தார். பழைய கோட்டுகளை ஒட்டுப்போட்டு அணிபவர் என்று பெயர் பெற்றவர் புதிய ஆடைகளின் விழாவைத் தொடக்கி வைத்தது அன்று பலராலும் சுவையாகப் பேசப்பட்டது.

அடுத்த ஓராண்டிலேயே வெளிநாடு சென்ற நிறுவனங்கள் திரும்பத் தொடங்கின. 2013 ஜனவரியில் மெக்குவீனும், அதே ஆண்டு ஜூனில் பர்பெரியும் மிலானிலிருந்து இலண்டனுக்கு வந்தன. பர்பெரியின் வருகை பெரிய வெற்றியாகக் கருதப்பட்டது. ஒரு பெரிய நிறுவனம் நாட்காட்டியில் இருந்தால்தான் நியூயார்க், தோக்கியோ, ஹாங்காங் நகரங்களின் கடைகள் தம் கொள்முதலாளர்களை அனுப்பும். அவர்கள் வந்தால்தான் பெயரறியா இளைஞனின் மேடைக்கு எதிரே உள்ள நாற்காலிகளும் நிரம்பும். 2015 ஜனவரியில் நிகழ்வு நான்கு நாட்களாக நீட்டிக்கப்பட்டது.

பருவமும் வணிகமும்

மேடையில் நடக்கும் அணிவகுப்பு பெரும்பாலும் 10 அல்லது 15 நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பின்னால் உள்ள கணக்கு ஓராண்டுக்கு நீளக்கூடியது. அதனை அறியாமல் இந்நிகழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் புரிந்துகொள்ள இயலாது.

ஜூன் மாதம் காட்டப்படும் தொகுப்பில் ஒவ்வோர் ஆடையும் மாதிரியாக ஒன்று மட்டுமே தைக்கப்பட்டிருக்கும். கடைகளின் கொள்முதலாளர்கள் அதனைப் பார்த்து, எந்த ஆடையில் எந்த அளவில் எத்தனை வேண்டும் என்று எழுதித் தருவர். அதன் பிறகே வடிவமைப்பாளர் துணி வாங்கி, தொழிற்சாலையில் தைக்கக் கொடுக்கிறார். ஆடைகள் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கடைகளுக்குச் சென்று சேர்கின்றன. கடைகள் பணம் தருவது அதற்கும் பல வாரங்கள் கழித்தே. இதற்கிடையில் ஜனவரி வந்துவிடுவதால் அடுத்த தொகுப்பையும் தைத்துக் காட்டியாக வேண்டும். எனவே நிறைய ஆணைகள் பெறும் இளம் வடிவமைப்பாளர்தான் கூடுதலாகக் கடன்படுகிறார் என்னும் விந்தையான நிலை இத்துறையில் உள்ளது. நல்ல விமர்சனங்கள் பெற்ற பருவத்தின் முடிவிலேயே நிறுவனத்தை மூடியவர்கள் உண்டு.

இதனை ஈடுசெய்யும் முயற்சியாகப் பிரித்தானிய ஃபேஷன் மன்றமும் ஜிகியூ இதழும் இணைந்து ஆடவர் ஆடை வடிவமைப்பாளர் நிதியை ஏற்படுத்தின. இதன் முதல் பரிசான 150,000 பவுண்டுகளை 2014 இல் லிவர்பூலைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷானன் பெற்றார். 2015 இல் இ. டௌட்ஸ் நிறுவனமும் 2016 இல் கிரெய்க் கிரீனும் இதனைப் பெற்றனர்.

நாட்காட்டியில் இலண்டனின் இடமும் ஒரு சிக்கலாக இருந்தது. ஆடவர் ஆடைப் பருவம் இலண்டனில் தொடங்கி, புளோரன்சு நகரின் பிட்டி உவோமோ சந்தை, மிலான் ஆகியவற்றின் வழியாகச் சென்று பாரிசில் முடியும். முதலில் வருபவருக்குப் புதுமை பேசப்படும் வாய்ப்பு உண்டு. ஆனால் கொள்முதலாளர்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின்னர் பாரிசில்தான் ஆணைகளை எழுதுவர். இதனால் இலண்டனில் காட்டிய அதே மாதிரிகளைப் பெட்டிகளில் அடைத்து, பாரிசில் மன்றம் வாடகைக்கு எடுத்த காட்சியறைகளுக்குக் கொண்டு செல்வது வழக்கமாயிற்று. புகழ் இலண்டனில், விற்பனை பாரிசில் என்று இரு நகரங்களிலும் செலவு செய்ய வேண்டியிருந்தது.

குறிப்பிடத்தக்க தொகுப்புகள்

சாவில் ரோவின் பழைய தையல் நிறுவனங்கள் மேடையில் அணிவகுப்பதை விரும்புவதில்லை. அங்கு முறையாகத் தைக்கப்படும் ஒரு சூட்டுக்கு குறைந்தது 50 மணிநேரக் கைவேலை தேவை என்பது அந்நிறுவனங்களின் சங்கம் வகுத்துள்ள நெறி. ஒருவரின் உடலுக்கென வெட்டப்படும் ஆடையைப் பருவத்துக்கொரு முறை மாற்றுவதற்கும் பொருளில்லை. ஆகவே அவை கம்பளி உற்பத்தியாளர்களின் வூல்மார்க் நிறுவனத்துடன் சேர்ந்து 'ஆங்கிலக் கனவான்' என்னும் தலைப்பில் நிலைக்காட்சிகளை நடத்தின. ஸ்பென்சர் மாளிகை, லார்ட்ஸ் துடுப்பாட்ட அரங்கு போன்ற இடங்களில், சூட்டு அணிந்தவர்கள் ஒரு மாலைப் பொழுதின் விருந்தினர் போல நின்றும் உரையாடியும் காட்சியளித்தனர். தந்தையும் மகனுமாக 2009 இல் தொடங்கிய கேஸ்லி ஹேஃபோர்டு நிறுவனம் இம்மரபுக்கும் தெரு உடைக்கும் இடையே பாலமாக விளங்கியது. இதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜோ கேஸ்லி ஹேஃபோர்டு 2019 ஜனவரியில் காலமானார்.

இலண்டன் தொகுப்புகள் உலகின் கவனத்தை ஈர்த்தது பெரும்பாலும் மற்றொரு பக்கத்தினால் ஆகும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஜொனாதன் ஆண்டர்சன் 2013 ஜனவரியில் காட்டிய தொகுப்பில் ஆண்கள் கொசுவம் வைத்த குறுங்காற்சட்டையும், தோள்களை மூடாத மேலாடையும், சுருக்கு வைத்த நீண்ட காலணியும் அணிந்து வந்தனர். நாளேடுகள் எள்ளி நகையாடின. ஆயினும் அந்த ஆடைகளின் வெட்டிலும் துணித் தேர்விலும் இருந்த கறார்த்தன்மை வணிகர்களின் கண்ணில் பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நிறுவனமான எல்விஎம்எச் அவருடைய நிறுவனத்தில் முதலீடு செய்ததுடன், தனக்குச் சொந்தமான லோவே என்னும் எசுப்பானியத் தோற்பொருள் நிறுவனத்தையும் அவரிடம் ஒப்படைத்தது.

அதே 2013 ஜனவரியில் கிரெய்க் கிரீன், 'மேன்' திட்டத்தின் மேடையில், உடைந்த மரப்பலகைகளால் ஆன சட்டகங்களை அழகர்களின் முகத்தில் பொருத்தி அனுப்பினார். தொலைக்காட்சிகளில் இதுவும் சிரிப்புக்கு இடமானது. கிரீனின் உறவில் கைத்தொழில் செய்தோர் பலர் என்பதும், தொழிலாளியின் மேற்சட்டையே அவருடைய ஆடைகளுக்கு அடிப்படை என்பதும் பின்னர்தான் கவனிக்கப்பட்டன. 2014 ஜூனில் அவர் தனியாக நடத்திய முதல் அணிவகுப்பில் அழகர்கள் வெறுங்காலுடன் நடந்தனர். மெத்தை போல் உள்ளீடு வைத்துத் தைத்த மேற்சட்டைகளில் கட்டப்படாத நாடாக்கள் தொங்கின. முதுகில் சுமந்த மரச்சட்டங்களில் துணிகள் கொடிகளைப் போல் விரிந்தன. பார்வையாளர்களில் சிலர் கண்கலங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிரித்தானியாவின் சிறந்த ஆடவர் ஆடை வடிவமைப்பாளர் விருதை அவர் பெற்றார். சிரிப்பில் தொடங்கி விருதில் முடியும் இவ்விரு நிகழ்வுகளும், ஓர் ஆடையை முதற்பார்வையில் மதிப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன.

கிரேஸ் வேல்ஸ் பொனர் சமைக்கத்தக்க மூலப்பொருளாக நூலகத்தைக் கொண்டவர். தந்தை வழியில் யமேக்கா நாட்டுத் தொடர்புடைய இவர், கறுப்பின ஆண்களின் தோற்றம் வரலாற்றில் எவ்வாறு சித்திரிக்கப்பட்டது என்பதைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். 2016 ஆம் ஆண்டின் கோடைகாலத்துக்கான அவருடைய தொகுப்பு 'மாலிக்' என்று பெயரிடப்பட்டது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, இந்தியாவின் தக்காணத்தில் அகமதுநகர் அரசின் அமைச்சராகவும் முகலாயர்களை எதிர்த்து நின்ற படைத்தலைவராகவும் உயர்ந்த மாலிக் அம்பரே (1548-1626) அதன் கருப்பொருள். இந்தியப் பள்ளிப் பாடநூல்களில் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படும் ஒருவர் இலண்டன் ஆடை மேடையில் நினைவுகூரப்பட்டது கவனிக்கத்தக்கது. 2016 இல் எல்விஎம்எச் நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

மார்ட்டீன் ரோஸ் 2007 இல் தம் நிறுவனத்தைத் தொடங்கியவர். இவரும் யமேக்கா வழித்தோன்றலே. அரங்குகளைத் தவிர்த்து, தாம் வாழும் நகரத்துக்குள் பார்வையாளர்களை அழைத்துச் செல்வது இவருடைய வழக்கம். 2017 ஜனவரியில் டாட்டன்ஹாமின் செவன் சிஸ்டர்ஸ் சந்தையில், இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் சிறு கடைகளுக்கு நடுவே தம் தொகுப்பைக் காட்டினார். 2018 ஜூனில் வடக்கு இலண்டனில் ஒரு முட்டுச்சந்துக் குடியிருப்பில் அணிவகுப்பு நடந்தபோது, அங்கு வசிப்போர் தம் வீட்டு வாசலிலேயே அமர்ந்து பார்த்தனர். வங்கி ஊழியர், பேருந்து ஓட்டுநர், 1990களின் நடனக்கூட இளைஞர் போன்ற அன்றாட மனிதர்களின் உடைகளை எடுத்து, தோளை இறக்கி, இடுப்பை இறுக்கிச் சற்றே கோணலாக்குவது ரோஸின் முறை.

கிளாஸ்கோவிலிருந்து வந்த சார்ல்ஸ் ஜெஃப்ரி, கல்விக் கட்டணத்துக்காக டால்ஸ்டன் பகுதியில் நடத்திய இரவு விருந்தின் பெயரையே தம் நிறுவனத்துக்கு இட்டார். அந்த விருந்துக்கு நண்பர்கள் கையில் கிடைத்ததை உடுத்தி வந்த துணிச்சலே 'லவர்பாய்' தொகுப்புகளின் ஊற்று. கிறிஸ்டோபர் ரேபர்ன், இராணுவம் கழித்துவிட்ட வான்குடைத் துணிகளை மழைக்கோட்டுகளாக மாற்றினார். பெத்தனி வில்லியம்ஸ் ஏழைகளுக்கு உணவு வழங்கும் அமைப்புகளுடன் சேர்ந்து பணியாற்றி, வருவாயில் ஒரு பங்கை அவற்றுக்கே அளித்தார். இதற்காக இரண்டாம் எலிசபெத் அரசியின் பெயரிலான பிரித்தானிய வடிவமைப்பு விருது 2019 இல் அவருக்குக் கிடைத்தது.

இவ்விருதை 2021 இல் பெற்ற பிரியா அலுவாலியா, இந்திய, நைசீரிய வழித்தோன்றல் ஆவார். மேற்கு நாடுகளில் கழிக்கப்படும் பழைய துணிகள் எங்கே சென்று சேர்கின்றன என்பதைத் தேடி, நைசீரியாவின் லேகோசு நகரத்தையும் அரியானா மாநிலத்தின் பானிப்பட்டையும் கண்டார். பானிப்பட்டில் கப்பல்களில் வந்து குவியும் பழைய துணிகளைப் பெண்கள் நிறம் பிரித்து, பொத்தான் அறுத்து, மீண்டும் நூலாக்க அனுப்புகின்றனர். இக்காட்சிகளை 'ஸ்வீட் லஸ்ஸி' என்னும் ஒளிப்பட நூலாக 2018 இல் வெளியிட்டார். பழைய ஆடைகளைப் பிரித்து ஒட்டுவேலையாக மறுபடி தைப்பதே அவருடைய ஆடவர் தொகுப்புகளின் அடையாளம். சென்னையைச் சேர்ந்த கௌசிக் வேலேந்திராவும் இலண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் பயின்று, தம் பெயரிலேயே ஆடவர் ஆடை நிறுவனம் தொடங்கியவர் ஆவார்.

மேற்கூறியவர்களில் பலர் அதே கல்லூரியிலோ வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்திலோ அரசக் கலைக் கல்லூரியிலோ பயின்றவர்கள். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸின் முதுகலைப் பிரிவை நீண்ட காலம் நடத்திய லூயிஸ் வில்சன் (இறப்பு 2014) மாணவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டவர் என்று பெயர் பெற்றவர். இந்நிகழ்வுக்கு வேறு நகரங்களில் இல்லாத வலிமையைத் தந்தவை கல்லூரிகளே. அவற்றின் கட்டணம் உயர உயர, அடுத்த கிரீனோ ஜெஃப்ரியோ உள்ளே நுழைய முடியுமா என்னும் கேள்வியும் எழுந்தது.

விலகல்கள்

2016 இன் தொடக்கத்தில் பர்பெரி, ஆடவர் மகளிர் தொகுப்புகளை ஒன்றாக்கி, செப்டம்பர் முதல் ஒரே அணிவகுப்பில் காட்டப்போவதாகவும், மேடையில் காட்டியவற்றை உடனே கடைகளில் விற்கப்போவதாகவும் அறிவித்தது. பல மாதங்கள் காத்திருக்கும் பழைய முறையால் மற்றவர்கள் வடிவங்களைத் திருடிவிடுகின்றனர் என்பதும், இரு அணிவகுப்புகளின் செலவு ஒன்றாகக் குறையும் என்பதும் பின்புலம். ஆடவர் வாரத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு ஒன்றுதான்: நாட்காட்டியின் நடுத்தூண் சாய்ந்தது. மெக்குவீனின் ஆடவர் தொகுப்பு 2018 இல் பாரிசு சென்றது.

பின்னர் வளர்ந்தவர்களும் ஒவ்வொருவராகச் சென்றனர். கிரெய்க் கிரீன் 2020 ஜனவரியில் பாரிசில் அணிவகுப்பு நடத்தினார். பியாங்கா சாண்டர்ஸ் 2022 ஜனவரியில் பாரிசிலும், ஆண்டர்சன் அதே ஆண்டு ஜூனில் மிலானிலும், வேல்ஸ் பொனர் அதே மாதம் புளோரன்சிலும் பின்னர் 2023 ஜனவரியில் பாரிசிலும் தம் தொகுப்புகளைக் காட்டினர். எவரையும் குறைகூற இயலாது. ஆணைகள் எழுதப்படும் இடத்துக்கே செல்வது இயல்பு. எனினும் ஒவ்வொருவரின் விலகலும் இலண்டன் வரும் கொள்முதலாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது, அக்குறைவே அடுத்தவர் விலகக் காரணமாயிற்று.

பெருந்தொற்றும் அதன் பின்னரும்

கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 ஜூன் 12 முதல் 14 வரை, ஆடவர் மகளிர் என்னும் பிரிவு இல்லாத முதல் இலண்டன் ஃபேஷன் வாரம் முழுவதும் இணையம் வழியாக நடைபெற்றது. 2021 ஜனவரியில் தனி ஆடவர் நிகழ்வு நடத்தப்படவில்லை. அது பிப்ரவரி நிகழ்வோடு சேர்க்கப்பட்டது. அதன் பின் ஜூன் நிகழ்வு மட்டும் சிறிய அளவில் தொடர்ந்தது.

இக்காலத்தில் மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. 'மேன்' திட்டத்துக்குப் பணம் அளித்து வந்த டாப்மேனின் தாய் நிறுவனமான ஆர்க்கேடியா, 2020 நவம்பரில் கடன் தீர்க்க இயலாமல் நிருவாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. 2021 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிகத்தில் சுங்க ஆவணங்கள் கட்டாயமாயின. இத்தாலியில் துணி வாங்கி, போர்ச்சுகலில் தைத்து, பாரிசில் விற்கும் சிறு நிறுவனத்துக்கு இது ஒவ்வொரு பெட்டிக்கும் கூடுதல் செலவு. மூன்றாவதாக, 2024 மார்ச்சில் மேட்சஸ் என்னும் இலண்டன் விற்பனை நிறுவனம் நொடித்தது. 1987 இல் விம்பிள்டனில் சிறு கடையாகத் தொடங்கிய அது, புதிய பிரித்தானிய வடிவமைப்பாளர்களிடம் முதலில் வாங்கும் கடைகளுள் ஒன்றாக இருந்தது. ஏற்கெனவே தைத்து அனுப்பிய ஆடைகளுக்கான பணம் பலருக்குக் கிடைக்காமல் போயிற்று. முன்பு விளக்கிய கடன் சுழற்சியில் இது எத்தகைய பள்ளம் என்பது எளிதில் விளங்கும்.

ஆனாலும் புதியவர்கள் வருவது நிற்கவில்லை. லிவர்பூலைச் சேர்ந்த ஸ்டீவன் ஸ்டோக்கி டேலி 2020 இல் வெஸ்ட்மின்ஸ்டரில் பட்டம் பெற்று, எஸ். எஸ். டேலி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் விடுதிப் பள்ளிகளின் சீருடையைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையின் கண்ணால் பார்ப்பதே அவருடைய தொகுப்புகளின் அடிநாதம். (அப்பள்ளிகளை இங்கிலாந்தில் 'பொதுப் பள்ளிகள்' என்றே அழைப்பர் என்பது இந்திய வாசகருக்கு வியப்பளிக்கலாம்.) 2021 செப்டம்பரில் அவருடைய முதல் அணிவகுப்பில் தேசிய இளைஞர் நாடகக் குழுவினர் அழகர்களாகவும் நடிகர்களாகவும் தோன்றினர். 2022 இல் எல்விஎம்எச் பரிசு இவருக்குக் கிடைத்தது. 2024 ஜனவரியில் இவரும் புளோரன்சில் தம் தொகுப்பைக் காட்டினார்.

பழைய ஆடவர் ஆடை நிறுவனமான டன்ஹில், 2024 பிப்ரவரியில் இலண்டனின் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் தன் புதிய வடிவமைப்பாளரின் முதல் தொகுப்பைக் காட்டி, நான்கே மாதங்களில் மிலானுக்குச் சென்றது.

2025

2025 ஜூனில் இலண்டனில் ஃபேஷன் வாரம் நடத்துவதில்லை என்று பிரித்தானிய ஃபேஷன் மன்றம் அறிவித்தது. அதற்குச் செலவாகும் பணம் பாரிசில் உள்ள காட்சியறைகளுக்குப் பயன்படுத்தப்படும் என்று கூறப்பட்டது. விற்பனை எங்கு நடக்கிறதோ அங்கு உதவுவதே அறிவு என்று இதனை ஆதரித்தோர் உண்டு. மேடையே இல்லாத இடத்தில் முதல் தொகுப்பைக் காட்ட வேண்டிய மாணவர் எங்கு செல்வார் என்பது எதிர்த்தோரின் கேள்வி. அதே ஜூன் மாதத்தில் மார்ட்டீன் ரோஸ், எந்த நாட்காட்டியிலும் சேராமல், மூடப்பட்ட ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தம் தொகுப்பைக் காட்டினார். கட்டடத்துக்குள் உள்ளூர்ச் சிறு வணிகர்களின் கடைகளும் அமைக்கப்பட்டிருந்தன. சில நாட்களுக்குப் பின் பாரிசில் டியோர் நிறுவனத்துக்கான முதல் ஆடவர் தொகுப்பை ஜொனாதன் ஆண்டர்சன் வெளியிட்டார்.

2025 அக்டோபரில் எர்மேஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம், 1988 முதல் தன் ஆடவர் ஆடைப் பிரிவை நடத்தி வந்த வெரோனிக் நிக்கானியனுக்குப் பதிலாக கிரேஸ் வேல்ஸ் பொனரை நியமித்தது. அங்கு அவருடைய முதல் தொகுப்பு 2027 ஜனவரியில் பாரிசில் காட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது.